கட்சி கொண்டுவந்த தாம்பூலத் தட்டு

வரதா,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்பதை முதலில் கவனித்துக்கொள். சாயப்பொடி வாங்கப் பட்டணம் வருகிற காதர் பாயிடம் கொடுத்து அனுப்புகிறேன். நம் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிறவர் கட்சிக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறவர். கவரைப் பிரித்துப் படிப்பார் என்று நான் சொல்லவில்லை. படிக்க மாட்டார் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. நீ சிரிப்பாய். அம்மாவுக்குச் சந்தேகம் கூடப்பிறந்த வியாதி என்று உன் அறையில் இருக்கிற பையன்களிடம் சொல்வாய். சொல்லிக்கொள். ஆனால் முதலில் தனியாக உட்கார்ந்து கடைசிவரை படித்துவிடு.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. "நைனா தோற்ற வார்டில் நான் நின்று ஜெயிக்கப்போகிறேன், பாரம்மா" என்று எழுதியிருந்தாய். அதை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். உன் நைனா போய் ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவர் பேரை ஒருவர் பெருமையாக எழுதிப் பார்க்கிறேன் அல்லவா. இரண்டாம் தடவை படித்தபோது, கட்சிக் காரியதரிசி உனக்கு என்ன எழுதியிருக்கிறார் என்று நீ சொல்லியிருந்த இடத்தில் கண் நின்றது. வேலையை விட்டுவிட்டு வரவேண்டியதில்லை, வேட்புமனுத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், மற்றதெல்லாம் கட்சி பார்த்துக்கொள்ளும், ஓட்டுக்கு முதல் நாள் வந்து தலையைக் காட்டினால் போதும். மூன்றாம் தடவை படித்தபோது அந்த இடத்தைத் தாண்டவே முடியவில்லை. தேர்தலில் நிற்கிற ஆளைப் பார்த்து ஊருக்கே வராதே என்று சொல்கிற கட்சியை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

என் சந்தேகம் எல்லாம் சரி என்று நான் சாதிக்க வரவில்லை. உனக்கு நினைவிருக்கும், ஒரு பொங்கலுக்கு வெள்ளி டம்ளர் காணோம் என்று பக்கத்து வீட்டு ராஜம்மா மேல் பழி போட்டேன். நான்கு மாதம் அவளோடு பேச்சில்லை. கடைசியில் டம்ளர் அரிசிப் பானைக்குள்ளிருந்து வந்தது. அரிசி அளக்க நானே போட்டுவிட்டு மறந்திருந்தேன். உன் நைனா ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. ராஜம்மா வீட்டுக்கு என் கையைப் பிடித்து அழைத்துப்போய் நிறுத்திவிட்டு அவர் வெளியே வந்துவிட்டார். அந்த அவமானம் இன்னும் எனக்கு இருக்கிறது. அதனால்தான் இப்போது எழுதுவதில், நான் கண்ணால் பார்த்ததையும், பிறர் சொல்லிக் கேட்டதையும், நானாக நினைத்துக்கொண்டதையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன். கலந்துபோனால் நீதான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. நீ அப்போது ஆரணியில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். பாதிதான் உனக்குத் தெரியும், அந்தப் பாதியும் நாங்கள் பூசி மெழுகிச் சொன்னதுதான். நகரசபைச் சேர்மன் மோட்டார் கார் வாங்கிய வருஷம் அது. அவர் கோயிலுக்கு வருகிற வழியில் நம் தெரு இருக்கிறது. விடியற்காலையில் தெரு நெடுகப் பாவு நூலை நீளவாட்டில் நீட்டிக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்தால்தான் அதைத் தறியில் ஏற்ற முடியும். அத்தனை நீளம் எந்த வீட்டுக்குள் இருக்கிறது? தெருதான் நெசவுக்காரனுக்கு இன்னொரு கூடம். அதில் இனிமேல் பாவு நீட்டக் கூடாது என்று நகரசபையில் தீர்மானம் போட்டார்கள். யாரும் அதை நம்பவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குப்பம்மா அத்தையின் பாவு நீட்டியிருக்கும்போது நகரசபை ஓவர்சீயர் இரண்டு ஆட்களோடு வந்தார். சுருட்டிவிடுகிறேன், கால் மணி நேரம் கொடுங்கள் என்று அவள் கும்பிட்டாள். அவர் கத்தியால் குறுக்கே அறுக்கச் சொன்னார். ஒரு கல்யாணத்துக்கான பட்டு, வரதா. அறுந்த பாவு இரண்டு பக்கமும் சுருண்டுபோய் மண்ணில் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். குப்பம்மா அழவில்லை. தரையில் உட்கார்ந்து இழை இழையாகப் பொறுக்க ஆரம்பித்தாள், அதைப் பொறுக்கி இனி ஆகப்போவது ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்.

அன்று சாயங்காலம் கட்சிக் கூட்டம் நடந்தது. நம் தெருவில் முக்கால்வாசிப் பேர் கட்சிதான், உனக்குத் தெரியும். உன் நைனா தறியை விட்டால் கட்சி, கட்சியை விட்டால் தறி என்று இருந்தவர். நானும் பெண்களோடு ஒதுங்கி நின்று கேட்டேன். காரியதரிசி வக்கீல் அல்லவா, நன்றாகப் பேசினார். கேட்டவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் மறுநாள் காலை எல்லோரும் சேர்ந்து தெருவில் பாவு நீட்டிவிட்டு நகரசபை வாசலில் போய் உட்காருவோம் என்று உன் நைனா சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. நேரம் வரவில்லை என்றார். மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார். கட்சிக் கூட்டத் தீர்மானத்தில் நகரசபையைக் கண்டிக்கிறோம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, நடந்ததற்கு வருந்துகிறோம் என்று எழுதச் சொன்னார். ஏதோ நாம்தான் கத்தியைக் கொடுத்து அறுக்கச் சொன்னது போல. அப்புறம் நகரசபைக்கு விண்ணப்பமாக ஒரு மகஜர் எழுதி எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். அந்த மகஜர் எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு இருட்டோடு எழுந்து, திருடுகிறவர்களைப் போலப் பாவு நீட்டிச் சுருட்டுகிறார்கள் நம் ஜனங்கள்.

அந்த வருஷம்தான் தேர்தல் வந்தது. சேர்மனின் கட்சியை எதிர்த்து நம் வார்டில் உன் நைனாதான் நிற்க வேண்டும் என்று தெருவே சொன்னது. காரியதரிசிக்கு அது பிடிக்கவில்லை என்று எனக்கு அன்றைக்கே பட்டது. நெசவாளிக்குச் சட்டம் தெரியாதே, சபையில் இங்கிலீஷில் பேசுவார்களே என்று இழுத்தார். கடைசியில் குப்பம்மாதான் கூட்டத்தில் எழுந்து, "அவரு பேசத் தேவையில்லை சார், போயி அந்த நாற்காலில உக்காந்தா போதும், மீதிய நாங்க வெளிய நின்னுக்கினு பேசிக்கிறோம்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். காரியதரிசியும் தட்டினார். வேறு வழியில்லை.

இனிமேல் எழுதப்போவது நான் செய்தது. தேர்தலுக்கு இருபது நாள் இருக்கும்போது காரியதரிசி நம் வீட்டுக்கு வந்தார். உன் நைனா பெரிய காஞ்சிபுரத்தில் ஓட்டர் ஜாபிதாவில் நம் தெருக்காரர்கள் பேர் இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தார். தாம்பூலத் தட்டும், பட்டு நூல் மூட்டையும், ஜரிகையும் ஒரு ஆள் தலையில் வந்தன. பட்டணத்து பக்தர் ஒருவர் பெருமாளுக்கு வஸ்திரம் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார், அதை நெய்ய இந்த ஊரிலேயே சுத்தமான கை உங்கள் வீட்டுக்காரர் கைதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள் என்றார். "பெருமாளே உங்க வீட்டு வாசலுக்கு வந்துக்கினு இருக்காரும்மா. ஓட்டு வேலை என் பொறுப்பு" என்றார். பெருமாள் வஸ்திரத்துக்கு நம் தெரு வழக்கம் என்ன என்பது உனக்குத் தெரியும். பாவு பிணைத்த நாளிலிருந்து வஸ்திரத்தைத் தறியிலிருந்து இறக்கும்வரை நெய்கிறவர் விரதம். ஒரு வேளைச் சோறு. வீட்டு வாசற்படி தாண்டக் கூடாது. வெளியாளோடு வாதம், வழக்கு, கோபமான பேச்சு ஒன்றும் கூடாது. தாம்பூலத்தை வாங்கிவிட்டால் வாங்கியதுதான், திருப்பிக் கொடுப்பது பெருமாளையே திருப்பி அனுப்புவது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஆளுக்கும் தெரியும். தெரிந்தும் நான் இரண்டு கையையும் நீட்டி வாங்கினேன். நம் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக வராத பெருமை அது. ராஜம்மா அவள் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாள் என்பதற்காகவே இன்னும் கொஞ்சம் மெதுவாக வாங்கினேன். எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவள், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஒரு நாளில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

உன் நைனா வந்து தட்டைப் பார்த்தார். "தேர்தல் இருக்குதே" என்றார், அவ்வளவுதான். பெருமாள் வேலையைவிட உங்களுக்குத் தேர்தல் பெரிதாகப் போய்விட்டதா என்று நான் கேட்டேன். அதற்கு மேல் அந்த மனுஷர் என்ன சொல்வார்? மறுநாள் ஸ்நானம் செய்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கினார். பதினெட்டு நாள். சேர்மனின் ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். நம் வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் வந்தார்கள். கட்சிக்காரர்கள் ஒருவரும் தெருவில் இறங்கவில்லை. ஒரு கூட்டம் போட்டார்கள், அதிலும் வேட்பாளர் இல்லை. காரியதரிசி மட்டும் தினம் ஒரு தடவை வந்து, ஓட்டர்களைப் பார்க்காமல் தறியைப் பார்த்துவிட்டு, எத்தனை முழம் ஆகியிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போவார். நான் அதைப் பக்தி என்று நினைத்தேன். நான்கைந்து நாள் கழித்துத் தெருப் பெரியவர்கள் வந்து, வெளியே வந்து இரண்டு வார்த்தை பேசச் சொல் என்று கேட்டார்கள். வாசலில் தார்க்குழலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த நான், விரதத்தில் இருக்கிறார் என்று திருப்பி அனுப்பினேன். கடைசியாகக் குப்பம்மா வந்தாள். உள்ளே தறி ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் என்னைப் பார்க்காமல் அந்தச் சத்தத்தைப் பார்த்துப் பேசினாள். "என் பாவு அறுந்தப்போ நீதானே அண்ணா சண்டைக்குக் கூப்பிட்டே. இப்ப நீயே உள்ள போயி உக்காந்துக்கினியே" என்றாள். தறிச் சத்தம் நின்றது. நான் எழுந்து கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தறி ஓடியது.

தோற்றுப்போனார். அது பெரிய விஷயமில்லை, தோற்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் தேர்தல் முடிந்த வாரமே தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. சேர்மனிடம் விலைபோய்விட்டார், அதனால்தான் வெளியே தலைகாட்டவில்லை என்று. யார் முதலில் சொன்னார்கள் என்று கேட்டுப் பார்த்தேன், ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள். அந்தப் பேச்சைக் கட்சி மறுத்திருக்க வேண்டுமா, வேண்டாமா? ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. குப்பம்மா அன்றிலிருந்து நம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. உன் நைனா குழாயடிக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொள்வார்கள். அவர் ஏன் அப்படி ஒடுங்கிப்போனார் என்று நீ லீவுக்கு வந்தபோது கேட்டாய். வயசாகிறது என்று சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து சாயப்பொடி வாங்கக் காதர் பாய் கடைக்குப் போனேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "அந்த அரக்குப் பட்டு வஸ்திரம் எப்படி வந்துதும்மா? நம்ம கடைச் சாயம் ஆச்சே. சேர்மன் வூட்டுக் கணக்கப்பிள்ளையும் உங்க காரியதரிசி சாரும் ஒரே வண்டியில வந்து எறங்கி, ரெண்டு பேரும் சேர்ந்துதான் கலர் பாத்தாங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். பட்டணத்து பக்தர் என்று ஒருவர் இருந்தாரா இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. காதர் பாயையும் நான் சந்தேகப்பட்டேன். எதற்காக இதை என்னிடம் சொல்கிறார், கட்சியை உடைக்க யாராவது சொல்லச் சொன்னார்களா என்று ஒரு வாரம் குடைந்தேன். ஆனால் அவர் அதை மறுபடி என்னிடமோ வேறு யாரிடமோ பேசவே இல்லை. கலகம் செய்ய நினைக்கிறவர் அப்படி விட்டுவிட மாட்டார்.

அடுத்த நாளே காரியதரிசி வீட்டுக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் கேட்க வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்து வந்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. உங்க பையனைப் பத்தித்தான் பேசிக்கினு இருந்தேன். பட்டணத்துல நமக்கு வேண்டியவரோட பிரஸ் இருக்குது. படிப்பு முடிஞ்சதும் அனுப்புங்க, நான் கடுதாசி தர்றேன்" என்றார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நின்றேன். உன் முகம் கண் முன்னால் வந்தது. தறிக்குழியில் நீயும் இறங்க வேண்டாம் என்று உன் நைனாவும் நானும் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. "ரொம்ப உபகாரம்" என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் கொடுத்த கடுதாசியோடுதான் நீ பட்டணம் போனாய். நீ கெட்டிக்காரன், அதனால் வேலை கிடைத்தது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாய். நீ கெட்டிக்காரன்தான். ஆனால் வேலை கிடைத்தது நான் வாயை மூடிக்கொண்டதற்கு.

உன் நைனா மூன்று வருஷம் இருந்தார். நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் நேரே போய்ச் சண்டை போடுவார், உன் வேலை போய்விடும் என்று பயந்தேன். அவர் கடைசிவரை காரியதரிசியை நல்ல மனுஷர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். தோற்றது தன் குறை, விரதத்தில் இருந்துகொண்டு தேர்தலுக்கு நின்றது தன் பேராசை என்று தன்னையே நொந்துகொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சாவுக்குக் குப்பம்மா வரவில்லை. கட்சி ஒரு மாலை அனுப்பியது. இந்த வீட்டில் விலைபோனது யார் என்று தெருவுக்குத் தெரியாது வரதா. உன் நைனா இல்லை. நான்தான்.

கட்சி ஏன் சண்டை போட மாட்டேன் என்கிறது என்று எட்டு வருஷமாக யோசிக்கிறேன். கோழைகளாக இருந்தால்கூட மன்னித்துவிடலாம். இவர்கள் கோழைகள் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வக்கீலுக்கு வழக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும், தீர்ந்துவிடக் கூடாது. சேர்மனின் கட்சி இருக்கிறவரை நம் காரியதரிசி தலைவர். நாளைக்கே நாம் ஜெயித்துவிட்டால், தெருவில் பாவு நீட்ட விடு என்று குப்பம்மா அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பாளே, அப்போது யாருக்கு மகஜர் எழுதுவார்? அந்த ஆள் மேடையில் சேர்மனைத் திட்டுவதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். சேர்மன் திருப்பி அவரை ஒரு தடவை திட்டிக் கேட்டதில்லை. எனக்குப் பெரிய படிப்பில்லை, ஆனால் இதை மட்டும் கற்றுக்கொண்டேன்: எதிரியை எவன் உரக்கத் திட்டுகிறான் என்று பார்க்காதே, எதிரி எவனைத் திட்டாமல் விடுகிறான் என்று பார். இப்போது நகரசபை வழக்கெல்லாம் காரியதரிசியின் மாப்பிள்ளை கைக்குப் போகிறது. இது தெருவில் அடிபடுகிற பேச்சில்லை, கோர்ட்டுக் குமாஸ்தா மனைவி என் எதிரிலேயே சொன்னாள். கட்சியில் நல்லவர்கள் இல்லையா என்றால் இருக்கிறார்கள். அடிபட்டவர்கள், ஜெயிலுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டத்தில் முன்னால் உட்காரவைத்துவிட்டு, முடிவெடுக்கும்போது வெளியே போகச் சொல்கிறார்கள்.

உன் நைனா தோற்றபிறகு வந்த தேர்தல்களில் கட்சி நம் வார்டில் ஆளே நிறுத்தவில்லை. சேர்மனின் ஆள் போட்டியில்லாமல் வந்தார். இந்தத் தடவை எல்லா வார்டிலும் ஆள் நிறுத்தியே ஆகவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டதாம். போன வெள்ளிக்கிழமை காரியதரிசி நம் வீட்டுக்கு வந்தார். எட்டு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. இந்தத் தடவை தட்டு இல்லை, பழம் மட்டும். "பையன் இங்க வந்து வெயில்ல அலைய வேணாம்மா. வேலை கெட்டுடும். நான் பாத்துக்கறேன்" என்றார். தெருவில் வேறு யாரும் நிற்கக் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். "உங்க குடும்பத்துக்குச் செய்ய வேண்டிய கடமை ஒண்ணு இருக்குது இல்லியா" என்றார். அவர் போன பிறகு அந்தப் பழத்தை நான் தொடவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். அப்புறம்தான் புரிந்தது. இந்தத் தெருவில் யாரை நிறுத்தினாலும் ஜெயித்துவிடுவார்கள், அவ்வளவு வயிற்றெரிச்சலில் ஜனங்கள் இருக்கிறார்கள். விலைபோனவன் மகனை நிறுத்தினால் மட்டும் ஓட்டு விழாது. நீ ஊரில் இருந்து வீடு வீடாகப் போய் நின்றால் ஒருவேளை மனசு மாறும், அதற்குத்தான் வராதே என்கிறார்கள். உன்னை உன் நைனா பேருக்காக நிறுத்துகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அது உண்மைதான். அந்தப் பேருக்காகத்தான். அந்தப் பேரைச் சுத்தம் செய்ய வேண்டிய நான் உன் வேலையை நினைத்துச் சும்மா இருந்தேன், அது அவர்களுக்கு இன்றைக்கும் உபயோகப்படுகிறது.

இதில் எவ்வளவு சரி, எவ்வளவு என் வியாதி என்று எனக்கே தெரியவில்லை. அரிசிப் பானையிலிருந்து டம்ளர் வந்தது போல இதிலும் ஏதாவது வந்து என் முகத்தில் கரி பூசினால் பூசட்டும். அதற்காக இன்னொரு எட்டு வருஷம் பேசாமல் இருக்க முடியாது. தாளில் கையெழுத்துப் போட்டுக் காரியதரிசிக்கு அனுப்பாதே. நிற்பதானால் வந்து நில். கட்சி பேரில் நிற்பாயோ தனியாக நிற்பாயோ அது உன் யோசனை. நைனா போனபிறகு வீட்டு வரி என் பேரில் இருப்பதால் எனக்கும் ஓட்டு இருக்கிறது, உன் தாளில் முன்மொழிகிற இடத்தில் நானே கையெழுத்துப் போடுவேன். வந்தால் பிரஸ் வேலை போய்விடும், நிச்சயம் போய்விடும். போனால் திரும்பக் கிடைக்காது. தோற்கவும் தோற்கலாம். இதையெல்லாம் மறைத்து உன்னைக் கூப்பிட்டால் நானும் அந்தக் காரியதரிசியும் ஒன்றாகிவிடுவோம், அதனால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை குப்பம்மா வீட்டுக்குப் போனேன். எட்டு வருஷமாக அவள் வீட்டுப் படி ஏறாதவள். ராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள், உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாம்பூலம் வாங்கியதை, காதர் பாய் சொன்னதை, உன் வேலையை. அவள் ராட்டினத்தை நிறுத்தவேயில்லை. நான் முடித்தபிறகும் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அந்த மனுசன் சாவுக்கு நான் போவல" என்றாள். "தெருவுல எல்லாரும் போனாங்க. நான் கதவ சாத்திக்கினு உள்ள உக்காந்திருந்தேன். நீ அன்னிக்காவது வந்து சொல்லியிருக்கலாம்." வெளியே வரத் திரும்பினேன். அப்போதுதான் ராட்டினம் நின்றது. "தெருவுல நானே சொல்றேன், உன் வாய்ல வந்தா யாரும் நம்ப மாட்டாங்க" என்றாள். "ஆனா ஒண்ணு கேக்கறேன். உன் புள்ள வர்றானா, இல்ல அவனும் உள்ளயே உக்காந்துக்குவானா?"

அந்தக் கேள்வியை அப்படியே உனக்கு அனுப்புகிறேன். காதர் பாய் வியாழக்கிழமை ஊர் திரும்புகிறார். வருவதானால் அவரோடேயே புறப்பட்டு வா. வருவதற்கில்லை என்றால் அதையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடு, நான் எடுத்துப்போய்க் குப்பம்மாவிடம் படித்துக் காட்டிவிடுகிறேன். உனக்காக இன்னொரு தடவை நான் கதவைச் சாத்த மாட்டேன்.

அம்மா